இருவேல்பட்டுக்குப் போன கேள்வித்தாள்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் இருவேல்பட்டு என்ற பெயர் இரண்டு மூன்று நாட்கள் பத்திரிகைகளில் அடிபட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய ஃபெஞ்சல் புயல், எங்கள் மரக்காணம் கரையை உலுக்கிவிட்டு உள்ளே போய் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரைமீறி ஊர்களுக்குள் புகுந்தது. டிசம்பர் 3-ந் தேதி இருவேல்பட்டில் வெள்ளச் சேதத்தைப் பார்க்க வந்த அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. அந்தச் சேறு எந்தக் கட்சியைச் சேர்ந்தது என்ற ஆராய்ச்சியில் நம் பத்திரிகைகள் அடுத்த சில நாட்களைக் கழித்தன.

நான் பார்த்த பத்திரிகைகளில் எதுவும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. விழுப்புரத்துக்குத் தெற்கே, திருச்சி சாலையை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர், தமிழ்நாட்டிலேயே திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட ஊர்களில் ஒன்று. 1916-ல் முதல் கேள்வித்தாள் அங்கே போயிற்று. பிறகு 1937-ஐ ஒட்டி, 1961-ஐ ஒட்டி, 1981-ல், 2008-ல். ஒரே ஊரை ஐந்து தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். உலகத்தில் இந்த அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம், வாய்த்த கிராமங்கள் அதிகம் இல்லை. அடோர்னோவையும் பெஞ்சமினையும் அடிக்கடி மேற்கோள் காட்டும் நம் வட்டத்தில் எத்தனை பேருக்கு இந்த ஊர் தெரியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கும் முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இத்தனைக்கும் என் ஊர் அனுமந்தை. அதே மாவட்டத்தின் கடலோரம்.

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கென்று நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்துக்கொண்டதால் குடியானவனுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு புத்தகம் எழுதியவர். இங்கே வந்து பார்த்தால், மாணவர்கள் இங்கிலாந்தின் சந்தையையும் வட்டி விகிதத்தையும் மனனம் செய்துகொண்டிருக்கிறார்கள். சொந்த ஊரில் ஒரு கலம் நெல் எப்படிக் கைமாறுகிறது என்று தெரியாது. அவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்து அவர்கள் கையில் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். ஜாதிகள், வீடுகள், நிலம், குத்தகை, மாடுகள், கைத்தொழில், கடன். அப்படி வந்தவற்றில் சிலவற்றைத் தொகுத்து 1918-ல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, வட ஆற்காட்டின் தூசி, தென் ஆற்காட்டின் இருவேல்பட்டு. ஆங்கிலத்தில் எங்கள் ஊர் 'எருவெல்லிப்பேட்' ஆகிவிட்டது. ஊர்ப் பெயரே சரியாகக் காதில் விழவில்லை என்று இதை வைத்துக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்யப்போவதில்லை. அந்தப் புத்தகத்தில் இருப்பதுபோல அந்தக் காலத்துத் தமிழ்க் கிராமத்தின் ஸ்தூலமான விவரங்கள் நம் ஆரம்பகால நாவல்களில் இல்லை. நம் நாவலாசிரியர்கள் கற்பின் பெருமையையும் மர்மக் கொலையையும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

இருவேல்பட்டு அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் படியாள் பற்றியது. படி அளந்து கூலி பெறுபவன் படியாள். அவன் எப்படிப் படியாள் ஆகிறான்? கடனால். கடன் எப்போது வாங்குகிறான்? பெரும்பாலும் கல்யாணத்தின்போது. அந்தக் கடன் ஒருநாளும் அடைபடுவதில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் செத்தாலோ நிலத்தை விற்றாலோ, நிலத்தோடு படியாளும் கைமாறுகிறான். இதெல்லாம் மிகச் சாதாரணமான குரலில், மாட்டுக் கணக்கும் ஏர்க் கணக்கும் சொல்லும் அதே குரலில் சொல்லப்படுகிறது.

இதை எழுதிச் சென்ற மாணவனுக்கு இருபது வயது இருக்கலாம். அக்காலத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். அதே ஊரில் அதே வயதில் இன்னொருவன் இருந்திருப்பான். கல்யாணம் பேசி, கடன் வாங்கி, விரலை உருட்டி, மறுநாள் விடியலில் ஏர் பிடிக்கப் போனவன். கேள்வித்தாளில் கடன் என்ற தலைப்பு உண்டு; அங்கே அவன் வருகிறான். கூலி என்ற தலைப்பு உண்டு, அங்கேயும் வருகிறான். 'இளைஞன்' என்று ஒரு தலைப்பு இல்லை, இருக்கவும் முடியாது. படியாளுக்கு வாலிபம் என்று ஒரு கட்டம் கிடையாது. பிள்ளைப் பிராயம் முடிகிற இடத்தில் கடன் ஆரம்பிக்கிறது. கல்யாணம்தான் இரண்டுக்கும் நடுவிலுள்ள வாசல்படி. இரண்டு இளைஞர்களில் ஒருவன் கேள்வி கேட்கிறான். இன்னொருவனைப் பற்றிய பதில் அவனிடமிருந்து வந்திருக்காது, அவன் ஆண்டையிடமிருந்து வந்திருக்கும். இது என் யூகம். ஆனால் 1916-ல் ஒரு மேல்சாதிப் பையன் சேரிக்குள் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து பேசியிருப்பான் என்பது இதைவிடப் பெரிய யூகம்.

இதைப் பற்றி யோசிக்கையில் ஆந்த்ரே பெதேய் ஞாபகத்துக்கு வருகிறார். 1961-62-ல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி, ஸ்ரீபுரம் என்று அதற்குப் பெயர் மாற்றிவைத்து, ஜாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் எப்படி ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன என்று எழுதினார். 1965-ல் வந்த புத்தகம். தமிழ்க் கிராமத்தைப் பற்றிய சமூகவியல் எழுத்தில் இன்றும் படிக்க லாயக்கானது. அவர் தங்கியிருந்தது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் சகஜமாகப் போய்வர முடியாமல் போனதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சியாளன் இரவில் எங்கே படுக்கிறான் என்பதும் அவன் முறையியலில் சேர்த்திதான். நம் விமர்சகர்கள் 'பார்வை' 'பார்வை' என்று ஓயாமல் எழுதுகிறார்கள். பார்வை என்பது முதலில் ஒரு திண்ணை. அங்கே உட்கார்ந்தால் தெருவில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த இரண்டு சர்வேக்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள், 1940-ல் புத்தகமாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனின் பாரம் ஏறி, ராஜாஜி மந்திரிசபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்த காலம் அது. அந்தச் சட்டம் நிலமுள்ள கடன்காரனை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. கல்யாணக் கடனில் நிற்கிறவனை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். அவர் புத்தகம் 1967-ல். தானியம், உற்பத்தி, வளர்ச்சி. 'வளர்ச்சி' என்ற சொல் தெய்வ அந்தஸ்து பெற்றுக்கொண்டிருந்த நாட்கள்.

1981-ல் போனவர்கள் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும். இந்த ஜோடியே சுவாரஸ்யமானது. மென்ச்சர் மானிடவியல்காரர், தமிழ்நாட்டு, கேரள கிராமங்களில் பல வருஷம் அலைந்தவர். குஹன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழ்நாடு அரசின் நிதிச் செயலராக இருந்தவர்; பிறகு மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கோட்டையில் உட்கார்ந்து திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கியவர், அந்தப் பணம் போய்ச் சேரும் கடைசித் தெருவில் நின்று பார்ப்பது நம் நாட்டில் அபூர்வம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தாயிற்று. பம்ப்செட், ரசாயன உரம், குட்டை ரக நெல் எல்லாம் வந்தாயிற்று. வறுமை போகவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். 1983-ல் மும்பையிலிருந்து வரும் பொருளாதார வார இதழில் இரண்டு பகுதிகளாக அது வந்தது. நிலம் இன்னும் ஒரு பெரிய குடும்பத்தைச் சுற்றியே சுழன்றுகொண்டிருந்தது. எழுத்தில் கோபம் உண்டு, ஆனால் கோபத்தை அட்டவணைக்குள் மடித்து வைக்கத் தெரிந்தவரின் கோபம். முழக்கம் போட்டே தொண்டை கட்டிக்கொண்ட நம் முற்போக்கு எழுத்தாளர்கள் குஹனிடம் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதினார், இவர்கள் படிக்கவில்லை. அவர் தமிழில் எழுதியிருந்தால் மட்டும் படித்திருப்பார்களா என்பது வேறு.

2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். 1916-லிருந்து நின்ற ஒன்று அப்போது ஆட்டம் கண்டிருந்தது. பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி கரைந்துவிட்டிருந்தது. எந்த நிலச் சீர்திருத்தமும் அதைச் சாதிக்கவில்லை. நிலம் மெல்லக் கைமாறியது. கூலிக்காரன் ஊருக்கு வெளியே வேலை தேடப் பழகிக்கொண்டான். ரேஷன் அரிசி, அந்த வருஷம் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்துவிட்ட அரிசி, வீட்டில் இருந்தது. 2006-ல் முதல் கட்டமாக நூறு நாள் வேலைத் திட்டம் வந்த மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. இதெல்லாம் சேர்ந்து, 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்லும் தெம்பைக் கொடுத்தன. நூற்றாண்டு நெடுக அடைபடாத கடனைப் பற்றிப் படித்துக்கொண்டு வருகிறவனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருக்கிறது. இலவச அரிசியால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் பேசுகிறவர்கள், 'சோம்பேறி' என்ற சொல்லை முதலில் யார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று 1916-ன் அறிக்கையில் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் நேர்கிறது. 1916-ல் இளைஞன் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தான். அதனால் ஊரை எண்ணினால் அவனையும் எண்ணியதாயிற்று. 2008-ல் அவன் ஊரில் இல்லை. சென்னையில் கம்பி கட்டுகிறான், பெங்களூரில் சென்ட்ரிங் அடிக்கிறான், பொங்கலுக்கு வருகிறான். கிராமத்தை அலகாக வைத்த ஆராய்ச்சிக்கு அவன் வெளியிலிருந்து வரும் பணமாக மட்டும் தெரிகிறான். முதல் சர்வேயில் கடனாக இருந்தவன் கடைசி சர்வேயில் வரவாக ஆகிவிட்டான். இரண்டு தடவையும் அவன் ஒரு தொகை. ஆராய்ச்சியாளர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடினார்கள். கேள்வி ஊரைப் பற்றியது, அவனைப் பற்றியது அல்ல.

வேறு மாதிரிக் கேட்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூர். அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. 1931-32-ல் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் என்ற மூன்று இளைஞர்கள் அங்கே போய் வீட்டுக் கணக்கும் சாப்பாட்டுக் கணக்கும் எடுத்தார்கள். அத்தோடு நிற்காமல், மறைவாக உட்கார்ந்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தெருவில் ஆட்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். பெண்களுக்கு அவ்வளவு நேரமில்லை. வேலை போனதில் மிஞ்சிய நேரம் விடுதலையாக இல்லை, ஒருவித நொண்டலாக இறங்கியிருந்தது என்பதை எந்த வருமான அட்டவணையும் இப்படிச் சொல்லியிருக்காது. இது இலக்கியக்காரன் செய்ய வேண்டிய காரியம். சமூகவியல்காரர்கள் செய்துவிட்டார்கள்.

எங்கள் கரைக்கு ஸ்லேட்டரின் மாணவர் எவரும் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் கேள்வித்தாள் இங்கே தடுமாறியிருக்கும். நிலம் யாருடையது என்று கேட்டால், உப்பளத்து நிலம் சர்க்காருடையது. உப்பு எடுக்க உரிமை பெற்றவர் ஒருத்தர். பாத்தி மிதிக்கிறவர், உப்பு வாரி அம்பாரம் போடுகிறவர் வேறு. குப்பத்தில் நிலமே இல்லை, கடல் இருக்கிறது. வெயில் காலமெல்லாம் உப்பு. ஐப்பசி மழை விழுந்ததும் பாத்தி கரைந்து மூன்று மாதம் ஒன்றுமில்லை. சில வருஷங்களாக அந்த மூன்று மாதத்துக்கென்று அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. அந்த நாட்களில் எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று ஆட்கள் நடக்கும் வேகத்தைப் பார்த்தால் மரியன்தாலைப் புரிந்துகொள்ள ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் கேள்வித்தாள் வந்ததெல்லாம் சாவுக்கோ ரத்தத்துக்கோ பிறகுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் படிவங்கள் குப்பங்களில் மணலைவிட அதிகமாகப் பறந்தன. 2013 ஏப்ரல் 25 மரக்காணத்தில் கலவரம் நடந்து, வீடுகள் எரிந்தபின் உண்மை அறியும் குழுக்கள் வந்தன. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட சாவு. குடும்பத்துக்குப் பத்து லட்சம் நிவாரணம். ஏன் குடித்தான் என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்கு முந்திய நாள் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் போனபோது எக்கியார்குப்பம் ஒரு முன்னுதாரணமாகச் சுருங்கி ஒற்றை வரியாயிற்று.

நானும் கேள்வி கேட்டவன்தான். பி.ஏ. முடித்து, வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு நிறுவனம் இளைஞர் பிரச்னைகள் பற்றி எடுத்த கணக்கெடுப்புக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு போனேன். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது. குடி உண்டா, புகை உண்டா, படிப்பை ஏன் நிறுத்தினாய், நண்பர்கள் எத்தனை பேர். மூன்றாவது கேள்வி தொழில். ஐந்து கட்டங்கள், ஒன்றில்தான் டிக் போடலாம். பட்டாவில் சொந்தமில்லை என்பதால் விவசாயம் இல்லை. குப்பத்துப் பையன் ஒருவன், மாமாவின் ஃபைபர் படகில் ஆள் குறைந்தால் போவான், மாசியிலிருந்து அளத்துக்குப் போவான், நடுவில் புதுச்சேரியில் சித்தாள். 'இன்னா போடறே அண்ணா?' என்று எட்டிப் பார்த்தான். ஐந்தாவது கட்டம் 'இதர'. அதில் போட்டேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவன் பாட்டி தலை நிமிராமல் கேட்டாள்: 'எழுதிக்கினு போறியே தம்பி, அங்கே யாரு படிப்பாங்க இத்த?'

அன்று நிரப்பிய நாற்பதுக்குச் சற்று அதிகமான படிவங்களில் பாதிக்கு மேல் 'இதர'. மேற்பார்வையாளர் கோபித்துக்கொண்டார். இவ்வளவு இதர வந்தால் அட்டவணை நிற்காது, ஏதாவது ஒரு கட்டத்துக்குள் தள்ளு என்றார். தள்ளினேன். கொஞ்சம் பேரை மீன்பிடிப்புக்கும் கொஞ்சம் பேரைக் கூலிக்கும் சமமாகப் பிரித்துப் போட்டேன். அந்த அறிக்கை வெளிவந்ததா, வந்திருந்தால் எங்கள் கரை இளைஞர்களில் இத்தனை சதவிகிதம் மீனவர் என்று எங்கோ அச்சாகியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இருவேல்பட்டுக்குப் போன 1916-ன் மாணவனைப் பற்றி மேலே கொஞ்சம் கறாராக எழுதிவிட்டேன். அவன் எதையும் தள்ளிப் போட்டதாகத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு பையன் அம்மாவின் பாஸ்புக்கைக் கொண்டுவந்தான். நிவாரணப் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. ஏறியிருந்தது. அவன் பெயரிலும் ஒரு கணக்கு திறக்க வேண்டும் என்றான். படிவத்தைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் நிரப்பி, தொழில் என்ற இடத்தை மட்டும் விட்டிருந்தான். அதை எழுதச் சொன்னேன். 'என்ன எழுதறது சார், நீங்களே போட்டுக்குங்க' என்றான். கம்ப்யூட்டரில் அந்த இடத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே இறங்கும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில் இருந்தது.